வெளியே வராத தோட்டாக்கூடு

தோட்டா என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம்தான். 1857, என்ஃபீல்டு துப்பாக்கி, பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, சிப்பாய்கள். பரிட்சைக்கு மனப்பாடம் செய்து, எழுதி, மறந்தும் போயிருப்போம். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டோம். தோட்டாவில் கொழுப்பை எதற்காகத் தடவினார்கள்?

சிக்காமல் இருக்கத்தான். குழலின் வாயிலிருந்து குண்டை உள்ளே தள்ள வேண்டும். நாலு தடவை சுட்டால் குழலுக்குள் கரி படிந்துவிடும், அடுத்த குண்டு இறங்காது. பலாப்பழம் உரிக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வது போலத்தான் அந்தக் கொழுப்பும். ஒரு சாம்ராஜ்யத்தையே ஆட்டிப் பார்த்த விவகாரத்தின் அடியில் இருந்தது, 'இது உள்ளே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது' என்கிற சின்ன மெக்கானிக் கவலை.

அந்தக் கவலைக்கு அப்புறமும் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் வீட்டிலேயே கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பும் பொழுதுபோக்குக்காரர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிரச்சினை இதுதான். அவர்களுக்குப் போவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராணுவங்களுக்கோ அது உயிர்க்கணக்காக இருந்திருக்கிறது.

முதலில் சாமான் என்னவென்று பார்த்துவிடுவோம். 1857-ன் தோட்டா வெறும் காகிதச் சுருள். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் உலோகத் தோட்டா வந்துவிட்டது. அதில் நான்கு பகுதிகள். முன்னால் பாய்ந்து போகும் குண்டு. உள்ளே வெடிமருந்து. பின்பக்கம் நடுவில், அடித்தால் பொறி கிளப்பும் ப்ரைமர். இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கும் உலோகக் கூடு. சுட்ட பிறகு குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், கூடு மட்டும் துப்பாக்கிக்குள்ளேயே நிற்கும். அதை எடுத்தால்தான் அடுத்த தோட்டாவுக்கு இடம்.

இந்தக் கூடு செய்கிற வேலை பார்க்கச் சாதாரணம், யோசித்தால் ஆச்சரியம். மருந்து எரியும் கணத்தில் உள்ளே அழுத்தம் எகிறுகிறது. கூடு பலூன் மாதிரி உப்பி, தான் உட்கார்ந்திருக்கும் இரும்பு அறையின் சுவரோடு அப்பிக்கொள்கிறது. அப்படி அப்பிக்கொள்வதால்தான் நெருப்பும் புகையும் பின்னால் வந்து சுடுபவரின் முகத்தில் அடிப்பதில்லை. குண்டு குழலை விட்டுப் போனதும் அழுத்தம் இறங்க, கூடு மயிரிழை அளவுக்குச் சுருங்கிக்கொள்ள வேண்டும். அந்த மயிரிழை இடைவெளிதான் எல்லாம். அது கிடைத்தால் பின்விளிம்பைப் பிடித்து இழுக்கும் சின்னக் கொக்கி கூட்டைச் சுலபமாக வெளியே போட்டுவிடும். கிடைக்காவிட்டால், ஒன்றுக்குள் ஒன்று இறுகிப்போன எவர்சில்வர் டம்ளர் கதைதான். டம்ளருக்குச் சுடுதண்ணீர் வைத்தியம் உண்டு. சண்டை நடுவே எங்கே போவது?

பித்தளைக்கு இந்த 'உப்பிச் சுருங்கும்' குணம் நன்றாக உண்டு. செம்பு மிருதுவானது. உப்பினால் உப்பினபடியே நின்றுவிடும்.

அமெரிக்க ராணுவம் முதலில் எடுத்தது செம்பை.

1872-73ல் அந்த ராணுவத்துக்குப் புதுத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க ஒரு குழு உட்கார்ந்தது. தலைவர் ஜெனரல் ஆல்ஃபிரட் டெர்ரி. உறுப்பினர்களில் ஒருவர் மேஜர் மார்கஸ் ரெனோ. (இந்த இரண்டு பேரையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்கள்.) ஏறக்குறைய நூறு மாதிரிகளைப் பார்த்துவிட்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். மேல்மூடியைத் தூக்கி, ஒரு தோட்டாவைப் போட்டு, மூடிச் சுட வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான். உறுதியான, எளிய துப்பாக்கி, அதில் தப்பில்லை. அதற்கான தோட்டாவை ராணுவத்தின் ஃபிராங்க்ஃபோர்டு ஆயுதசாலை தயாரித்தது. அதன் ப்ரைமர் வெளியே தெரியாது, கூட்டின் அடிப்பகுதிக்கு உள்பக்கம் இருக்கும். சுத்தி அடித்தால் கூட்டின் அடிப்பாகமே நசுங்கி உள்ளிருக்கும் ப்ரைமரைக் கிளப்ப வேண்டும். அப்படி நசுங்குவதற்கு மிருதுவான செம்பு வசதி. இந்த உள் ப்ரைமரை வடிவமைத்தவர் ஸ்டீஃபன் பெனே என்கிற அதிகாரி. 1874ல் அவரே ராணுவத்தின் ஆயுதத் துறைத் தலைவராகவும் ஆனார்.

பித்தளை தெரியாத காலம் என்று நினைத்துவிட வேண்டாம். அதே ஆண்டுகளில் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரத்துத் தனியார் கம்பெனி ஒன்று ரஷ்ய ராணுவத்துக்காகப் பித்தளைத் தோட்டாக்களை லட்சக்கணக்கில் செய்து கப்பலேற்றிக்கொண்டிருந்தது. ரஷ்யச் சிப்பாய்க்குப் பித்தளை, சொந்தச் சிப்பாய்க்குச் செம்பு!

1876 ஜூன் 25. மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரை. கஸ்டரின் ஏழாவது குதிரைப்படை லகோட்டா, செயென் மக்களின் பெரும் முகாமைத் தாக்கப் போனது. அவர்கள் நிலத்தைப் பறிக்கப் போன சண்டை அது என்பதை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. படை மூன்றாகப் பிரிந்தது. கஸ்டருடன் போன இருநூற்றுப் பத்துப் பேர் அளவில் ஒருவரும் திரும்பவில்லை. மற்றொரு பிரிவை நடத்திய ரெனோ ஒரு குன்றின் மேல் முற்றுகையில் மாட்டிக்கொண்டார். ஆம், துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்த குழுவில் இருந்த அதே ரெனோ. அந்தப் படையெடுப்பில் கஸ்டருக்கு மேலதிகாரி யார்? குழுத் தலைவராக இருந்த அதே டெர்ரி. கொள்முதல் கமிட்டி தான் வாங்கிய சரக்கைத் தானே உபயோகித்துப் பார்க்கும் சந்தர்ப்பம் உலகத்தில் அபூர்வம். இங்கே கிடைத்தது.

அந்தக் குன்றின் மேல் கூடுகள் சிக்கின. கேப்டன் தாமஸ் ஃப்ரெஞ்ச் என்பவர் குண்டு பறக்கும் இடத்தில் உட்கார்ந்து, சிப்பாய்கள் நீட்டும் துப்பாக்கிகளிலிருந்து சிக்கிய கூடுகளை எடுத்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். குதிரைப்படைக்குக் கொடுத்த குட்டை ரகத் துப்பாக்கியில் துடைக்கும் கம்பியே கிடையாது. காலாட்படைக்குக் கொடுத்த நீளத் துப்பாக்கியில் அது உண்டு. கம்பி இருந்தால் குழல் வாயில் விட்டு ஒரு குத்துக் குத்தி கூட்டை வெளியே தள்ளலாம். இல்லாதவன் என்ன செய்வான்? பேனாக்கத்தியால் நெம்ப வேண்டியதுதான்.

இன்னொரு காரணமும் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். களிம்பு! சிப்பாய்கள் தோட்டாக்களைத் தோல் பெல்ட்டில் செருகி வைத்திருந்தார்கள். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடித்தது. களிம்போடு தோட்டா உள்ளே போய், சூட்டில் இறுகி, கூடு அறையோடு ஒட்டிக்கொண்டது. புளி போட்டுத் துலக்கிவிட்டுச் சண்டைக்குப் போக முடியாது. பிறகு தோலுக்குப் பதில் துணியால் நெய்த பெல்ட் வந்ததற்கு இந்தக் களிம்பும் ஒரு காரணம்.

சண்டை முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரத்தில், ஜூலை மாதத்தில் ரெனோ ஒரு கடிதம் எழுதினார். தன் பிரிவிலிருந்த 380 துப்பாக்கிகளில் ஆறு உபயோகமற்றுப் போய்விட்டன, கொக்கி இழுத்ததும் கூட்டின் தலை மட்டும் பிய்ந்து வந்து உடல் உள்ளேயே தங்கிவிட்டது என்று விவரமாக எழுதியிருந்தார். கஸ்டர் பக்கம் ஒளிந்திருந்து பார்த்த ஒரு செவ்விந்திய வழிகாட்டி, சிப்பாய்கள் உட்கார்ந்து துப்பாக்கியோடு மல்லுக்கட்டியதைக் கண்டதாகச் சொன்னதையும் சேர்த்திருந்தார். புதைக்கப் போன அதிகாரிகள் பிணங்களுக்குப் பக்கத்தில் முனை முறிந்த கத்திகளைப் பார்த்தார்கள் என்றும் எழுதினார். கடிதம் யாருக்கு? ஆயுதத் துறைத் தலைவருக்கு. அதாவது அந்தத் தோட்டாவின் ப்ரைமரை வடிவமைத்த பெனேவுக்கே! புகார் கொடுக்க வேண்டிய இடமும் புகாருக்குக் காரணமான இடமும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்று தணிக்கைப் பாடம் படித்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 'துப்பாக்கி சிக்கியதால்தான் கஸ்டர் தோற்றார்' என்று பல இடங்களில் படிக்கலாம். அது நிற்காது. 1983ல் அந்தப் போர்க்களத்துப் புல்வெளி தீப்பிடித்து எரிந்து தரை வெறிச்சென்று தெரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து தொல்லியலாளர்கள் டக்ளஸ் ஸ்காட்டும் ரிச்சர்ட் ஃபாக்ஸும் மெட்டல் டிடெக்டரோடு இறங்கிக் கூடு கூடாகப் பொறுக்கினார்கள். கத்தியால் நெம்பிய தழும்பு இருந்த கூடுகள் நூற்றுக்கு மூன்று, நான்கு அளவில்தான். எதிரில் இருந்தவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு, அவர்களில் பலரிடம் தொடர்ந்து சுடும் வின்செஸ்டர், ஹென்றி துப்பாக்கிகளும் இருந்தன. எல்லாக் கூடும் ஒழுங்காக வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனால் நூற்றில் மூன்று என்பது கணக்கெடுப்பவனுக்கு மூன்று சதவீதம். கத்தியோடு உட்கார்ந்திருந்தவனுக்கு அது நூறு சதவீதம்.

1877 மாடலில் குதிரைப்படைத் துப்பாக்கியின் பின்கட்டையைக் குடைந்து ஒரு சின்ன அறை செய்து, மடக்கி இணைக்கும் துடைப்புக் கம்பியை அதில் வைத்தார்கள். செம்பை விட்டுப் பித்தளைக்கு முழுதாக மாற இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் பிடித்தது.

சிக்கிய பட்டியலில் பிரிட்டனும் உண்டு, இன்னும் கோரமாக. அவர்களுடைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு வுல்விச் ஆயுதசாலையின் எட்வர்டு பாக்ஸர் வடிவமைத்த தோட்டா. பித்தளைதான், ஆனால் மெல்லிய தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்புத் தட்டு வைத்துச் செய்தது. காகிதப் பொட்டலத்தின் பித்தளைத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுட்டுச் சுட்டு அறை சூடேறி, சூடான் பாலைவனத்து மணலும் சேர்ந்தால் தகடு ஒட்டிக்கொள்ளும். கொக்கி இழுத்தால் இரும்புத் தட்டு மட்டும் கையோடு வரும்.

1885 ஜனவரி 17, அபு க்ளியா. கார்ட்டூமில் மாட்டிக்கொண்ட ஜெனரல் கார்டனை மீட்கப் போன படை சதுர அணிவகுப்பில் நின்றது. கப்பற்படையின் லார்டு சார்லஸ் பெரஸ்ஃபோர்டு கார்ட்னர் என்ற ஐந்து குழல் இயந்திரத் துப்பாக்கியோடு முன்னால் போய் நின்றார். எழுபது சொச்சம் சுட்டதும் அது நின்றுவிட்டது. ஒரு கூட்டின் தலை பிய்ந்து உடல் உள்ளே தங்கிவிட்டிருந்தது. மூடியைக் கழற்றிச் சரி செய்யக் குனிந்த நேரத்தில் எதிரிகள் வந்து விழுந்தார்கள், கூட இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். சதுரம் உடைந்தது. கர்னல் பர்னபியும் எழுபதுக்கு மேற்பட்ட வீரர்களும் செத்தார்கள். ரைஃபிள்களும் அங்கங்கே சிக்கின. பிழைத்தவர்கள் கார்ட்டூமை நெருங்கியபோது நகரம் விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த ஆண்டே ஒரே துண்டாக இழுத்த கெட்டிப் பித்தளைக் கூட்டுக்கு பிரிட்டன் மாற ஆரம்பித்தது.

(அந்தச் சண்டையைப் பாடிய புகழ்பெற்ற ஆங்கிலக் கவிதை ஒன்று சிக்கிய துப்பாக்கியை கேட்லிங் என்று சொல்கிறது. அது தப்பு, கார்ட்னர்தான். கவிஞருக்கு எந்த மாடலாக இருந்தால் என்ன!)

பாக்ஸரின் கூடு இப்படி அவமானப்பட்டுப் போனாலும் அவருடைய ப்ரைமர் பிழைத்துக்கொண்டது. இங்கேதான் வீட்டுக்காரர்கள் கதைக்குள் வருகிறார்கள். பாக்ஸர் ப்ரைமரில் கூட்டின் அடியில் நடுவாக ஒரே ஒரு துளை. மெல்லிய கம்பியை உள்ளே விட்டுத் தட்டினால் பழைய ப்ரைமர் கழன்று விழும், புதுசைப் பொருத்தலாம். ஹைரம் பெர்டான் என்ற அமெரிக்கர் வடிவமைத்த இன்னொரு வகையில் நடுவில் சின்ன மேடும் பக்கவாட்டில் துளைகளும் இருக்கும், கழற்றுவது தொல்லை. வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலேயரின் ப்ரைமரை அமெரிக்கா எடுத்துக்கொண்டது, அமெரிக்கரின் ப்ரைமரை ஐரோப்பா எடுத்துக்கொண்டது. ரேஷன் கார்டு மாறிப் போனது மாதிரி.

இதன் விளைவு பெரியது. ஒரு தோட்டாவில் திரும்பத் திரும்ப உபயோகிக்கக்கூடியது கூடு மட்டும்தான். அமெரிக்காவில் கூட்டைத் திரும்ப நிரப்புவது சுலபமாக இருந்ததால் அங்கே அது ஒரு வீட்டுப் பழக்கமாகவே வளர்ந்துவிட்டது. 1870களில் காட்டெருமைக் கூட்டங்களைக் கொன்று குவித்த வேட்டைக்காரர்கள் கூடாரத்து நெருப்பில் ஈயம் உருக்கி, பழைய கூடுகளைக் கழுவி நிரப்பிக்கொண்டார்கள். 1884ல் ஜான் பார்லோ என்பவர் நியூ ஹேவனில் ஐடியல் என்ற கம்பெனி ஆரம்பித்து, பாக்குவெட்டி மாதிரி இரண்டு பிடி வைத்த ஒரு கருவியை விற்றார். அதை வைத்து அடுக்களை மேஜையிலேயே தோட்டா செய்யலாம். ராணுவமும் 1880களில் பயிற்சிச் செலவைக் குறைக்க கம்பெனி கம்பெனியாக நிரப்பும் கருவிகள் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் கடைகளில் தோட்டா கிடைக்காமல் போனதும் இந்தப் பழக்கம் இன்னும் பரவியது. கருவி செய்யும் கம்பெனிகளில் இன்று பெரிய பேராக இருக்கும் ஆர்.சி.பி.எஸ். அப்படி 1943ல் கலிஃபோர்னியாவில் தொடங்கியதுதான்.

உப்பிய கூட்டை நிரப்பும் முன் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு அச்சு போன்ற ஒரு இரும்பு டை. கூட்டை அதற்குள் அழுத்தி இழுத்தால் அளவு சரியாகும். எண்ணெய் தடவ மறந்தால் கூடு டைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், விளிம்பு பிய்ந்து வரும். கொக்கி செய்கிற அதே அநியாயத்தை இங்கே கை செய்கிறது. 1857-ன் கொழுப்பு இங்கே திரும்ப வருகிறது பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் டங்ஸ்டன் கார்பைடு வளையம் வைத்த டை பரவலானது. நேர்க்குழாய் வடிவமான கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு அதில் எண்ணெயே தேவையில்லை. வீட்டில் கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புபவர்கள் பெருத்ததற்கு இந்தச் சின்ன வளையம் ஒரு முக்கியக் காரணம்.

துப்பாக்கிக்குள் சிக்குவது வேறு ரகம். 1935ல் .357 மேக்னம் என்ற சக்தி வாய்ந்த ரிவால்வர் தோட்டா வந்தது. அந்த ரிவால்வரில் பழைய, கொஞ்சம் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். விலை மலிவு என்பதால் அதையே சுட்டுக்கொண்டிருப்பார்கள். குட்டைக் கூடு முடியும் இடத்தில் அறைக்குள் கரியும் ஈயமும் மோதிரம் மாதிரிப் படிந்துவிடும். ஒரு நாள் நீளத் தோட்டாவைப் போட்டால் அந்த மோதிரத்தில் இடித்துக்கொண்டு பாதியில் நிற்கும், அல்லது போய்விட்டு வராது. இதற்கு பிரஷ்ஷும் பொறுமையும் போதும்.

ஆனால் சுத்தமான அறையில் கூடு வர மறுத்தால் சேதி வேறு. ரிவால்வரில் ஒரு தண்டைத் தள்ளினால் ஆறு கூடும் சேர்ந்து விழ வேண்டும். உள்ளங்கையால் ஓங்கி அடித்தால்தான் வருகிறது என்றால் கூடு அளவுக்கு மேல் உப்பியிருக்கிறது. அதாவது உள்ளே அழுத்தம் அளவு மீறிவிட்டது, நிறுத்து என்று அர்த்தம். அழுத்தம் அளக்கும் கருவி லேபரட்டரியில்தான் உண்டு. வீட்டில் இருப்பவனுக்கு உள்ள சில அறிகுறிகளில் இது ஒன்று. ஐடஹோ மாகாணத்து மாட்டுப் பண்ணைக்காரரும் எழுத்தாளருமான எல்மர் கீத் 1920களில் பழைய .45 ரிவால்வர் ஒன்று கையிலேயே வெடித்துச் சிதறிய பிறகுதான், அறைச்சுவர் தடித்த .44 பக்கம் போனார். அந்த வழிதான் 1955ல் .44 மேக்னமாக முடிந்தது. கூடு சிக்குவது கோளாறு இல்லை, சொல்லும் சேதி என்று அந்த அடுக்களை மேஜைக்காரர்கள் அடிபட்டே கற்றுக்கொண்டார்கள்.

லேபரட்டரியும் கோடிக்கணக்கில் பட்ஜெட்டும் வைத்திருந்தவர்கள் அந்தச் சேதியை எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு உதாரணம் எம்-16.

யூஜின் ஸ்டோனர் 1950களின் கடைசியில் வடிவமைத்த ஏஆர்-15 துப்பாக்கி சோதனைகளில் நன்றாகவே ஓடியது. டுபான்ட் கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட வெடிமருந்துக்குப் பொருத்தி அமைத்தது அது. 1963ல் அமெரிக்கா ஒரு லட்சத்துக்கும் மேல் ஆர்டர் கொடுத்தது. ராணுவம் கேட்ட வேகமும் அழுத்த வரம்பும் சேர்ந்து வரும்படி அந்த மருந்தைப் பெருமளவில் செய்து தருவதாக டுபான்ட் ஏற்கவில்லை. 1964ல் ஓலின் கம்பெனியின் உருண்டை மருந்துக்கு மாறினார்கள். ராணுவத்தின் மற்றத் தோட்டாக்களில் ஏற்கனவே பழக்கமான மருந்துதான், குண்டும் கேட்ட வேகத்தில் போனது. காகிதத்தில் எல்லாம் சரி.

துப்பாக்கிக்குள் சரியாக இல்லை. புது மருந்து எரிந்த விதத்தில் இயந்திரம் வேகமெடுத்தது. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு என்று ஓட வேண்டியது ஆயிரம் வரை போனது. கொக்கி சீக்கிரமே இழுக்க ஆரம்பித்தது, கூடு சுருங்கி முடிக்கும் முன்பே! அதோடு அந்த மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் கால்சியம் கார்பனேட் உள்ளே படிந்தது. தோட்டா அறைக்குள் குரோமியம் பூச்சும் இல்லை. முந்தைய எம்-14க்கு அது இருந்தது. வியட்நாமின் மழையிலும் புழுக்கத்திலும் அறைச்சுவர் துருப்பிடித்துப் பொத்தல் விழ, உப்பிய பித்தளை அந்தப் பொத்தல்களில் போய்ப் பிடித்துக்கொண்டது.

1965-66 முதல் கூடுகள் சிக்கின. போதாத குறைக்கு, இது அதிகம் துடைக்கத் தேவையில்லாத துப்பாக்கி என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கும் சாமான்களும் போதுமான அளவு அனுப்பப்படவில்லை. கம்பி கிடைத்தவர்கள் அதைத் துப்பாக்கியோடு டேப் போட்டு ஒட்டி வைத்துக்கொண்டார்கள். சிக்கினால் குழல் வாயில் விட்டுக் குத்துவதற்கு. கஸ்டரின் ஆட்களுக்குக் கிடைக்காத அதே கம்பி, தொண்ணூறு வருடம் கழித்து.

தலைமையின் முதல் பதில், பையன்கள் சரியாகத் துடைப்பதில்லை என்பது. அதில் பாதி உண்மை இருந்தது, அதனாலேயே அது வசதியான பதில். மீதிப் பாதி கோல்ட் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் இருந்தது. புது மருந்தோடு சுட்டால் துப்பாக்கிகள் ராணுவம் வைத்த வேக வரம்பைத் தாண்டின. கம்பெனி முறையிட்டது. சோதனையில் பழைய வகை மருந்தையே உபயோகித்துக்கொள்ள ராணுவம் அனுமதித்தது! ஃபாக்டரியில் ஒரு மருந்தில் பாஸ் செய்த துப்பாக்கி, காட்டில் வேறு மருந்தோடு சிப்பாயின் கைக்குப் போனது. பரிட்சைக்கு ஒரு சிலபஸ், வேலைக்கு வேறு சிலபஸ் என்பது நமக்குப் பழகிய விஷயம்தான், ஆனால் இங்கே ஃபெயிலானவர்களுக்கு அரியர் எழுத வழியில்லை.

1967 வசந்தத்தில் கே சான் பக்கத்துக் குன்றுகளில் மரைன் படை கடுமையாக அடிபட்டது. ஒரு மரைன் வீட்டுக்கு எழுதிய கடிதம் நியூஜெர்சிப் பத்திரிகையில் வந்து நாடாளுமன்றம் வரை போனது. எங்களில் பலரைக் கொன்றது எங்கள் துப்பாக்கியேதான், செத்தவர்கள் பக்கத்தில் அவர்கள் சரி செய்துகொண்டிருந்த துப்பாக்கி கிடந்தது என்ற ரீதியில் இருந்தது அது. 1876ல் ரெனோ எழுதியதற்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுதான். இது தப்பு செய்தவர்களின் மேஜைக்கு மட்டும் போகவில்லை.

அந்த ஆண்டு மே மாதம் ரிச்சர்ட் ஐகோர்டு தலைமையில் நாடாளுமன்ற துணைக் குழு விசாரணை ஆரம்பித்தது. அக்டோபரில் வந்த அறிக்கை மருந்து மாற்றத்தைச் சுட்டிக்காட்டியதோடு, ராணுவ நிர்வாகத்தின் நடத்தை குற்றம் என்று சொல்லக்கூடிய அலட்சியத்தின் ஓரத்தில் நிற்கிறது என்ற அர்த்தத்தில் எழுதியது. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. அறைக்குக் குரோமியம் பூசினார்கள், சில ஆண்டுகளில் குழல் முழுக்கவே பூசினார்கள். மருந்தின் கால்சியம் அளவைக் குறைத்தார்கள். பின்தள்ளும் பகுதியின் எடையைக் கூட்டி வேகத்தை அடக்கினார்கள். 1968ல் காமிக்ஸ் மேதை வில் ஐஸ்னரை வைத்து, துப்பாக்கியை எப்படித் துடைப்பது என்று 32 பக்கத்தில் வண்ணப் படக்கதை போட்டுக் கொடுத்தார்கள். படிக்க ஜாலியாகத்தான் இருக்கும்.

1970 வாக்கில் எம்-16ஏ1 துப்பாக்கியின் பின்கட்டையில் இன்னொரு சின்ன மாற்றம் வந்தது. ஒரு குட்டிக் கதவு, அதைத் திறந்தால் உள்ளே ஒரு அறை. மடக்கி இணைக்கும் துடைப்புக் கம்பியை வைத்துக்கொள்ள.